மணல் ஒட்டிய நோட்டு

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது என் இடது காலில் செருப்பு இல்லை. எனக்கு அது தெரியவில்லை. வாசலில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த என் நாத்தனார் ரேவதிதான் பார்த்தாள்.

"அண்ணி, இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். கட்டை விரல் நகத்தோரம் ரத்தம் காய்ந்திருந்தது. மாதனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை ஜல்லி கொட்டி, தார் போடாமல் வருஷக்கணக்கில் விட்டுவைத்த பாதை. அவ்வளவு தூரம் ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன். ஒரு கல்லும் உறுத்தவில்லை.

"ஷூ கம்பெனில வேல செய்றீங்க, கால்ல செருப்பு போனது தெரில?" என்று ரேவதி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த நோய் வலித்துக்கொண்டு வராது. வலித்தால்தான் நாம் டாக்டரிடம் போய்விடுவோமே. இது சிரிக்கிற விஷயமாக வீட்டுக்குள் வரும். உங்கள் வீட்டில் யாராவது அடிக்கடி டம்ளரைக் கைநழுவ விட்டு, நீங்கள் எல்லோரும் கேலி செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து ஒரு நிமிஷம் நிறுத்தி யோசியுங்கள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதிமூன்று வருஷம் பேஸ்டிங் பிரிவில் இருந்தேன். ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, ஒட்டித் தட்டுவதுதான் பேஸ்டிங். அந்தப் பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். பெரிய டிரம்மில் வரும். டிரம்மின் மேல் இங்கிலீஷில் ஏதோ சீட்டு ஒட்டியிருக்கும். எங்களுக்குச் சின்ன டப்பாக்களில் ஊற்றித் தருவார்கள். டப்பாவில் எந்தச் சீட்டும் இருக்காது.

தடவுவதற்குப் பிரஷ் கொடுப்பார்கள். யாரும் தொட மாட்டோம். பிரஷ்ஷில் பசை கட்டிக்கொள்ளும், ஓரம் பிசிறும், பீஸ் கணக்கு குறையும். ஆள்காட்டி விரலை டப்பாவில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிசாகச் சீராக வரும். புதிதாக வந்த பெண் யாராவது பிரஷ்ஷை எடுத்தால் மொத்த வரிசையும் கேலி செய்யும். "இன்னாமா, பெயின்ட் அடிக்க வந்தியா?" என்று ஆரம்பித்து வைப்பவள் பெரும்பாலும் நான்தான். அப்படி எத்தனை பேரைப் பிரஷ்ஷைக் கீழே வைக்கச் செய்தேன் என்று இப்போது விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன்.

சாயங்கால பஸ்ஸில் பாதிப் பேர் கையை உதறிக்கொண்டே வருவோம். "கை மரத்துப்போய் இருக்குதுடி" என்று ஒருத்தி சொன்னால், "எனக்கும்தான்" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். எல்லோருக்கும் இருப்பதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை.

பக்கத்து கிளினிக்கில் சுகர் பார்த்தார்கள். இல்லை. சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டேன். அதற்குள் ஜாக்கெட் கொக்கி போட முடியாமல் போய்விட்டது. கொக்கி விரலுக்கு நடுவில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். காலையில் ரேவதிதான் போட்டுவிடுவாள். "கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிறீங்க அண்ணி" என்பாள். அதற்கும் சிரித்தோம்.

பஸ் படியில் விழுந்து முன்பல் பாதி உடைந்த பிறகு என் கணவர் பாஸ்கர் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நரம்புப் பிரிவின் நடைபாதையில் எனக்குப் பக்கத்தில் ஒரு வங்காளிக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் ரயிலில் வந்தார்களாம். நான் இருப்பது ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில். எனக்கு இங்கே வந்துசேர எட்டு மாதம் ஆகியிருந்தது.

நரம்பு மின்கடத்தல் சோதனை (தோலின் மேல் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) செய்தார்கள். காலில் ஷாக் கொடுத்த பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுதாம்மா?" என்றார். பாதத்தில் எதுவும் தெரியவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

நரம்பு டாக்டர் நடுவயதுக்காரர். மெதுவாகப் பேசுவார். நோயின் பெயர் பெரிஃபெரல் நியூரோபதி (கை கால்களின் நுனி நரம்புகள் செத்துக்கொண்டு வருவது) என்றார். என்ன வேலை, எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பசையைக் கரைக்க ஹெக்சேன்னு ஒண்ணு கலப்பாங்க. சட்டுன்னு ஆவியாகிப் போய்டும். மூச்சு வழியாவும் போகும், தோல் வழியாவும் போகும். நீங்க அந்த வேலைக்கு இனிமே போகக்கூடாது."

"போகலன்னா சரியாய்டுமா சார்?"

"உடனே ஆகாது. விட்டதுக்கு அப்புறமும் ரெண்டு மூணு மாசம் இன்னும் மோசமாத்தான் போகும். பயப்படாதீங்க. அப்புறம் திரும்பும். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்."

வீட்டுக்கு வந்ததும் பாஸ்கர் டேப் எடுத்து என் முழங்காலிலிருந்து கால் விரல் வரை அளந்தார். அப்புறம் முழங்கையிலிருந்து கைவிரல் நுனி வரை அளந்தார். வாய்க்குள் கணக்குப் போட்டார். டேப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார். எத்தனை நாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே சூப்பர்வைசர் போன் செய்தார்.

"சுகர் பாத்தியாமா?"

"சுகர் இல்ல சார். சொல்யூஷனாலதான்னு டாக்டர் சொல்றாரு."

"அப்படின்னா எல்லாருக்கும்தானமா வரணும்? உடம்ப பாத்துக்கோ. வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா? பஸ்ல உன் சீட்டு காலியா வருது."

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். ஒருத்தி வேலையை விட்டு நின்றால் அதே வீட்டிலிருந்து இன்னொருத்தியைக் கேட்பார்கள். பஸ் அதே இடத்தில் நின்றால் போதும், ஆளைப் பற்றியும் விசாரிக்க வேண்டாம். ரேவதி பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பாஸ்கர் யோசித்தார். "உனக்கு பதிமூணு வருஷம் ஆச்சு. இவளுக்கு ரெண்டு வருஷத்துல கல்யாணம் ஆய்டும்" என்றார். நான் தலையாட்டினேன். இதை மறைத்து எழுதினால் மற்றதை எல்லாம் எழுதி ஒரு பயனும் இல்லை. என் கை எப்படிப் போனது என்று தெரிந்த பிறகும் நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் என்னை ஆக்குபேஷனல் தெரபி (பொத்தான் போடுவது, சோறு பிசைவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையைத் திரும்பப் பழக்கும் சிகிச்சை) பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜெனிஃபர் என்ற இளம் பெண் இருந்தார். கெட்டித் தாள் வைத்த ஒரு பெரிய வரைநோட்டையும் வாட்டர்கலர் டப்பா ஒன்றையும் கொடுத்தார்.

"உங்க ஊரை இதுல செய்யுங்க. பெயின்ட் மட்டும் இல்ல. மண்ணு, நூலு, இலை, துணி, எது கிடைச்சாலும் சேருங்க. ஒவ்வொரு பக்கமும் தொட்டா வேற மாதிரி இருக்கணும். முதல்ல கண்ணால பாத்துக்கிட்டே தொடணும், அப்புறம் கண்ண மூடிக்கிட்டுத் தொடணும். விரலுக்கு மறந்துபோனதை அப்படித்தான் சொல்லிக் குடுக்கணும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊரில் படம் போட என்ன இருக்கிறது? தண்ணீர் இல்லாத பாலாறு, மொட்டை மலை, சீமைக்கருவேலம், ஹைவே. கையைப் பிடுங்கிக்கொண்டு கலர் டப்பா கொடுக்கிறார்களே என்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். ஜெனிஃபர் என் கையைப் பிடுங்கவில்லை. ஆனால் கோபத்தை யார் மேலாவது வைக்க வேண்டியிருந்தது.

முதல் பக்கம் நான்கு நாள் ஆனது. தூரிகை எப்போது விரலிலிருந்து நழுவுகிறது என்று தெரியாததால் அதில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொண்டேன். டீ டிகாக்‌ஷனைத் தாள் முழுக்கப் பூசிக் காயவைத்தேன். காய்ந்து, ஓரங்களில் கறை கோடு கோடாக நின்றபோது அது அப்படியே கோடைக்கால ஆற்றுப் படுகையாக இருந்தது. டப்பாவில் இருந்த நீலத்தை நான் திறக்கவே இல்லை. பாலாற்றுக்கு அது தேவைப்படவில்லை.

அப்புறம் பிடித்துப்போனது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முப்பத்தெட்டு வயதில் எனக்கு வரையப் பிடித்துப்போனது. வெட்டிப் போட்ட ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைத் தாளுக்கு அடியில் வைத்து, மேலே கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்தால், தோலின் வரிகளும் மயிர்க்கண்களும் எழும்பி வரும். பாறை பாறையாக எங்கள் ஊர் மலை. ஹைவேக்கு மெழுகுவர்த்தியால் கோடு இழுத்து மேலே சாயம் பூசினேன். மெழுகு இருந்த இடத்தில் சாயம் ஒட்டாமல் சாலை வெள்ளையாக ஓடியது. தோல் கழுவிய தண்ணீர் பாய்ந்து வெளுத்துப்போன நிலத்துக்கு, ஈரச் சாயத்தின் மேல் கல்லுப்பைத் தூவினேன். உப்பு சாயத்தை உறிஞ்சிப் பூத்துப் பூத்து நின்றது. அங்கே நிஜ நிலமும் அப்படித்தான் இருக்கும். நான் வரைந்ததில் அதுதான் அச்சு அசல்.

தொல்லை மணலில் வந்தது. ஆற்று மணலை அரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். காய்ந்ததும் பாதி உதிர்ந்தது. திரும்ப ஒட்டினேன். திரும்ப உதிர்ந்தது. தோல் துண்டுகளும் ஓரம் தூக்கிக்கொண்டன. பதிமூன்று வருஷம் ஒட்டுவதையே வேலையாகச் செய்தவளுக்கு ஒட்டாதது அவமானமாக இருந்தது. என் இடத்தில் பேஸ்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்த ரேவதியிடம் கேட்டேன்.

"ரேவதி, கொஞ்சம் சொல்யூஷன் எடுத்துக்கினு வர்றியா?"

"எதுல அண்ணி?"

"அந்த ஊறுகாய் பாட்டில்ல."

நீங்கள் இப்போது தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. டாக்டர் வேலைக்குப் போகக்கூடாது என்றார். நான் போகவில்லை. நோய் அந்தப் பெரிய ஹாலில், டிரம் வரிசையில், காற்றே நகராத அந்தச் சூட்டில் இருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். ஊறுகாய் பாட்டிலுக்குள் அது வரும் என்று நினைக்கவில்லை.

பாட்டிலைத் திறந்ததும் அந்த இனிப்பான வாசனை வந்தது. பழைய தோழியைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆள்காட்டி விரலைத் தொட்டு, தாளில் ஒரே இழுப்பு இழுத்தேன். விரலுக்கு உணர்ச்சி இல்லை, ஆனால் பழக்கம் இருந்தது. மணல் பிடித்துக்கொண்டது. நோட்டைத் தலைகீழாக உதறினாலும் ஒரு மணி விழவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் உள்ளறை சின்னது. ஃபேன் போட்டால் மணல் பறக்கும். ஜன்னலைத் திறந்தால் ரோட்டுத் தூசி வந்து பசையில் ஒட்டும். இரண்டையும் மூடிவிட்டு தினமும் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். பாட்டில் தீர்ந்தால் ரேவதி நிரப்பிக்கொண்டு வருவாள். வேலையிலிருந்து நின்ற இரண்டு மாதத்தில் ஆற்றங்கரை, தென்னந்தோப்பு, ரயில்வே கேட் என்று பத்துப் பக்கம் ஆகிவிட்டது.

மூன்றாம் மாதம் டாக்டர் சொன்ன மாதிரியே மோசமானது. நான்காம் மாதமும் மோசமானது. ஐந்தாம் மாதம் கணுக்கால் தொங்கிவிட்டது. சோறு பிசைய முடியவில்லை. ரேவதி ஊட்டிவிட்டு வேலைக்குப் போவாள். கண்ணை மூடிக்கொண்டு நோட்டைத் தடவினால் எல்லாப் பக்கமும் ஒரே பக்கமாக இருந்தது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் ஜாஸ்தி நேரம் உட்கார்ந்தேன்.

டாக்டர் குழம்பிப்போனார். ஒவ்வொரு முறையும், "வேலைய விட்டுட்டீங்க இல்ல?" என்று கேட்பார். "விட்டுட்டேன் சார்" என்பேன். வேறு ஏதோ நோயும் சேர்ந்திருக்கலாம் என்று முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பிறகு நரம்பு பயாப்ஸி (கணுக்காலோரம் கீறி, ஒரு துண்டு நரம்பை வெட்டி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். அந்த நரம்பு போய்ச் சேரும் இடம், பாதத்தின் வெளி ஓரம், இனி எப்போதும் மரத்தேதான் இருக்கும் என்று முன்னாலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். என்னால் பேனா பிடிக்க முடியவில்லை, கைநாட்டு வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் நோட்டை ஜெனிஃபரிடம் கொண்டுபோனேன். நடக்க முடியாவிட்டாலும் இதையாவது செய்தேன் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. அவர் சந்தோஷமாகத் திறந்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவதைத் திருப்பினார். நோட்டை முகத்தருகே கொண்டுபோய்ச் சட்டென்று மூடினார். எழுந்துபோய் நரம்பு டாக்டரை அழைத்துவந்தார்.

"இதை எதை வெச்சு ஒட்டுனீங்க?" என்றார் டாக்டர்.

"சொல்யூஷன் சார்."

"எந்த சொல்யூஷன்?"

"கம்பெனி சொல்யூஷன்தான்."

"ஜன்னல் தெறந்து வெச்சிருந்தீங்களா?"

"மணல் பறக்கும்னு மூடிட்டேன் சார்."

"பிரஷ்லயா?"

நான் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினேன். ஜெனிஃபர் ஜன்னலைத் திறந்துவைத்தார். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"வேலைய விட்டுட்டீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். பசைய விட்டுட்டீங்களான்னு ஒரு தடவைகூட கேக்கல" என்றார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் தன்னைத் திட்டிக்கொண்டார். அதுவரை கம்பெனி மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை எடுத்து என் மேல் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. காலில் போட்ட தையல்கூட அப்போது இன்னும் பிரிக்கவில்லை.

நோட்டை வெளியே தூக்கிப் போடச் சொன்னார்கள். பாஸ்கர் மொட்டை மாடியில் அதை விரித்து, மேலே கல்லை வைத்துவிட்டு வந்தார், வாசனை போனால் எடுத்துக்கொள்ளலாம் என்று. மழை வந்தது. பக்கங்கள் உப்பிப் போயின. பசை விடவே இல்லை.

கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. திரும்ப இரண்டு மூன்று மாதம் இறக்கம். ஜெனிஃபர் இன்னொரு நோட்டு கொடுத்தார். இந்த முறை மைதாக் கஞ்சி காய்ச்சி ஒட்டினேன். எறும்பு வந்து ஆற்றங்கரையைத் தின்றது. கஞ்சியில் வேப்பெண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் திரும்ப ஒட்டினேன். மணல் உதிர்ந்தால் உதிரட்டும் என்று விட்டேன். அதே டீக் கறை, அதே மலை, அதே உப்பு. ஜன்னல் திறந்தே இருந்தது, ஃபேன் ஓயாமல் சுற்றியது.

திரும்பி வருவது இனிமையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் வருவது எரிச்சல். மிளகாய் அரைத்த கையை அடுப்பில் காட்டியது போல நாள் முழுக்க எரியும். புடவை பட்டால் எரியும். அப்புறம் அரிப்பு. எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கண்ணை மூடி முதல் பக்கத்தில் விரலை வைத்தபோது, எரிச்சலுக்கு நடுவில் புள்ளி புள்ளியாக ஏதோ குத்தியது. மணல். விரலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். மணல்தான். சத்தம் போட்டு அழுதேன்.

இன்று எனக்கு நாள் என்றால் ஒரு மில்லிமீட்டர். காலண்டரைப் பார்ப்பதில்லை, காலைத் தடவிப் பார்க்கிறேன், நேற்று தெரிந்த இடத்தைவிட இன்று கொஞ்சம் கீழே தெரிகிறதா என்று. கைவிரல்கள் ஏறக்குறைய வந்துவிட்டன. பாதத்தின் வெளி ஓரம் வராது. அங்கே கொசு உட்கார்ந்தால் அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். என் உடம்பில் அது இனி யாரோ ஒருவருடைய நிலம்.

ரேவதி இன்னும் வேலைக்குப் போகிறாள். ஊறுகாய் பாட்டில் விஷயம் தெரிந்த அன்றே, பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். "பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. பிரஷ்ஷாவது பிடி என்று நான் மன்றாடினேன். மூன்று நாள் பிடித்தாள்.

"எல்லாரும் ஓட்றாங்க அண்ணி. பெயின்ட் அடிக்க வந்தியான்னு கேக்கறாங்க. பேஜாரா இருக்குது" என்றாள்.

நான் ஆரம்பித்த கேலி. நான் இல்லாமலே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். ரேவதியைக் கண்ணை மூடச் சொல்லி, நோட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திருப்பி அவள் விரலை வைப்பேன். அவள் சொல்ல வேண்டும். "உப்பு." "தென்ன ஓலை." "தோலு." சரியாகச் சொன்னால் நான் ஒரு வாரம் நிம்மதியாக இருப்பேன். நீங்கள் பேஸ்டிங்கில் இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், நீங்களும் இதைச் செய்து பாருங்கள். ஒரு தாளும், ஒரு கைப்பிடி மணலும், மைதாக் கஞ்சியும் போதும். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு மத்தியானம் அவள் தலைக்குக் குளித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் முதல் பக்கத்தைத் திறந்து, அவள் வலது ஆள்காட்டி விரலை ஆற்றின் நடுவில் வைத்தேன்.

"இன்னா இருக்குது, சொல்லு."

விரலை மேலே இழுத்தாள். கீழே இழுத்தாள். பசை இழுக்கிற அதே இழுப்பு.

"ஏமாத்தாதீங்க அண்ணி. இது வெறும் பேப்பர்" என்று சிரித்தாள்.

அவள் விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்தேன். மணல் குத்தியது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. இன்றைக்கே அவளை நிறுத்தினாலும் இன்னும் இரண்டு மூன்று மாதம் கீழேதான் போகும். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். எனக்குக் கணக்கு தெரியும்.

"கண்ண தொறக்கட்டுமா?" என்றாள்.

"கொஞ்சம் இரு" என்றேன்.